ஆக்டேன்

லத்தீன் ‘ஆக்டோ’ என்றால் எட்டு. வடமொழி ‘அஷ்ட’ அதற்கு உறவு. நம் ‘எட்டு’ ஒலியில் நெருங்கினாலும் வேறு குடும்பம். ‘ஏன்’ என்ற விகுதி, ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பனைக் குறிக்கும். ஆக, எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மம்.

பெட்ரோல் பங்கில் காணும் 91, 95 வேறு கணக்கு. 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர், சட்டென்று ‘நாக்’ அடிக்கும் (எஞ்சினில் தானாகவே பற்றி வெடிக்கும்) ஹெப்டேனுக்கு 0, அடிக்காமல் தாக்குப்பிடிக்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100 என அளவுகோல் வகுத்தார். வேடிக்கை என்னவென்றால், கிளையில்லாத நேர் ஆக்டேன் இதே அளவுகோலில் 0-க்கும் கீழே!

அமெரிக்க பங்கின் 93-உம் ஐரோப்பாவின் 98-உம் ஏறக்குறைய ஒரே தரம். அமெரிக்காவில் இருவகைச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள், ஐரோப்பாவில் அவற்றில் ஒன்றின் எண்ணை மட்டும். டர்போ காரை ட்யூன் செய்பவர்கள் வழுக்கும் இடம் இது. அமெரிக்க 93-க்கு எழுதிய ட்யூனை ஏற்றிவிட்டு, ‘95 தாராளம்’ என்று நிரப்பினால், பூஸ்ட் ஏறும்போது எஞ்சினில் கிணிகிணி சத்தம் கேட்கலாம். நாக் சென்சார் அதைப் பிடித்ததும் எஞ்சின் கணினியான ஈசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை குறையும். ஆக்டேன் கூடிய பெட்ரோலை நிரப்பி, அதே கியரில், அதே வேகத்தில் மறுபடி பதிவெடுத்துப் பாருங்கள். தாமதம் மறைந்தால் பெட்ரோலின் தரம் போதவில்லை என்று பொருள். மறையாவிட்டால் அடியில் குனிந்து பார்க்க வேண்டும்: தளர்ந்த வெப்பத்தடுப்புத் தகடு அதிர்வதைக்கூட சென்சார் ‘நாக்’ என்று எண்ணிவிடும்.