தோட்டத்துப் பாட்டும் நகரத்துப் பாட்டும்

ஜாஸ், புளூஸ் என்னும் அமெரிக்க இசைவகைகளில் இளமை தொட்டே நமக்குத் தீராத பற்றுண்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-ம் ஆண்டில் இசைத்தட்டிற் பதிந்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' முகப்பில், துணைக் கருவி ஏதுமின்றி அவருடைய டிரம்பெட் தனித்து முழங்குவதை எத்தனை முறை கேட்டும் நாம் சலித்ததில்லை. எனினும், நமது உள்ளத்தில் முதலிடம் பெற்றது அதனினும் எளிய புளூஸ் பாட்டொன்றே. அதற்குரிய காரணத்தை வரலாறு கூறும்.

1865-ம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும், மிசிசிப்பி மாகாணத்துப் பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்களின் அடிமை வாழ்வு ஒழிந்தபாடில்லை. நிலம் முதலாளியுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைவிற் பெரும்பாலும் பாதி முதலாளிக்கு. விதையும் உணவும் துணியும் தோட்டத்துக் கடையிற் கடனாகக் கொடுக்கப்பட்டன. ஆண்டு முடிவிற் கணக்குப் பார்க்குங்கால் பலருக்குக் கடனே மிஞ்சிற்று. எழுத்தறியாதவன் அக்கணக்கை மறுப்பதெங்ஙனம்? தோட்டத்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதனை நன்குணர்வோம். பேரேட்டில் தொழிலாளியின் பற்றும் வரவும் ஏறும். அவன் நெஞ்சம் ஏறாது. ஏட்டில் ஏறாத அந்நெஞ்சமே புளூஸ் ஆயிற்று.

நிற்க. 1941-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்டு நாட்டுப்பாடல் திரட்டிவந்த ஆலன் லோமாக்ஸும், பிஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வொர்க்கும் அம்மாகாணத்து ஸ்டோவல் தோட்டத்துக்குச் சென்றனர். அங்கே டிராக்டர் ஓட்டிவந்த மடி வாட்டர்ஸ் என்பவர், தம் குடிசையில் அமர்ந்து கிதார் வாசித்துப் பாடியதைப் பதிந்தனர். இரண்டாண்டு கழித்து, தாம் கேட்ட கூலி உயர்வு மறுக்கப்படவே, அவர் சிகாகோ நகருக்கு ரயிலேறினார். பகலில் ஆலையில் உழைத்து, இரவில் மதுக்கடைகளிற் பாடினார். கூட்டத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்பொருட்டு மின்சாரக் கிதாரைக் கைக்கொண்டார். 1948-ம் ஆண்டில், தோட்டத்தில் முன்பு பதிந்த பாட்டொன்றையே சிறிது மாற்றி, மனநிறைவு கொள்ள இயலவில்லை எனப் பொருள்படும் 'ஐ கான்ட் பி சாட்டிஸ்பைட்' என்னும் பெயரில் மீண்டும் பதிந்தார். முதன்முறை அச்சிட்ட தட்டுகள் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன. அவர் பாட்டை விரும்பிக் கேட்டோர், அவரைப் போலவே தென்னாட்டுத் தோட்டங்களை விட்டு வந்த உழைப்பாளிகள்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் இசைப்புலவர் சிலர், முன்னதே தூயது என்றும், மின்சாரம் புகுந்ததும் மண்ணின் மணம் போயிற்று என்றும் கூறுவர். நாம் அதற்கு உடன்படோம். முன்னதிற் பாடுபவர், பிறர் தேடி வந்து கேட்டாலன்றித் தோட்டத்துக்கு வெளியே குரல் எட்டாதவர். பின்னதிற் பாடுபவர், தம் வழியைத் தாமே தேர்ந்து நடந்தவர். குறை கூறும் பாட்டு அதுவேதான். கூறுபவரின் குரலோ நிமிர்ந்து நிற்கின்றது. ஏழையின் கலை ஏழ்மையோடிருந்தாற்றான் அழகு என்பது வயிறு நிறைந்தவர் கொள்கை. ஆகவே, நேயர்காள், 1948-ம் ஆண்டுத் தட்டுக்கே நமது வாக்கு.