வாஜெமப் தீவின் சிறை

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகத்துக்கு எதிரே, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் ராட்னெஸ்ட் தீவு, நூங்கர் என்னும் ஆதிகுடி மக்கள் வாஜெமப் என்று வழங்கிய பூர்வீக பூமி. 1838-இல் ஆங்கிலேய அரசு, தன் முதல் ஆதிகுடிக் கைதிகளை அங்கே கொண்டு இறக்கியது. குடியேறியவர்களின் ஆட்டையும் மாட்டையும் ஈட்டியால் குத்தியது முதலான குற்றங்களுக்காகக் கழுத்தில் சங்கிலி பூட்டப்பட்டு வந்த அம்மனிதர்களுக்கு நாகரிகம் போதிப்பதே நோக்கமென்று அதிகாரிகள் பிரகடனம் செய்தார்களாயினும், கண்காணிப்பாளர் ஹென்றி வின்சென்ட்டின் நிர்வாகம் நடைமுறையில் போதித்ததெல்லாம் கடும் உழைப்பும் தண்டனையுமே: கல் உடைத்தல், ஏரியில் உப்பு வாருதல், கலங்கரை விளக்கம் எழுப்புதல். 1860-களில் அவர்கள் கைகளாலேயே எழும்பிய எண்கோணச் சிறைக்கூடத்தின் குறுகிய அறைகளில் பலர் நெருக்கி அடைக்கப்பட்டனர்; 1883-இல் புகுந்த தொற்றுநோய் ஏறக்குறைய 60 பேரை மாய்த்தது. ஆண்களும் சிறுவருமாக 3,700 பேர்வரை அடைபட்ட அச்சிறையில் 370-க்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். அதே சிறைக் கட்டடத்தைப் பின்னாளில் உல்லாசப் பயணிகளின் விடுதியாக 2018 வரை நடத்திய அலட்சியம், சிறைவைத்த கொடுமைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மாண்டவர்களின் வரலாற்றை மறைவின்றிச் சொல்லுதலே அத்தேசம் ஆற்றவேண்டிய முதல் தர்மமாகும்.