தாமஸ் ரயில் பிடிக்குமா? அப்போ வேல்ஸுக்கு டிக்கெட் போடுங்க!

‘தாமஸ்’ ரயில் கதைகள் கேட்டு வளர்ந்தவரா நீங்க? அதை எழுதிய ஆட்ரி, தன்னார்வலரா வேலை பார்த்த நிஜ ரயில் ஒண்ணு இருக்கு. வேல்ஸின் டவின் ஊரில் ஓடும் டாலிலின் ரயில்வே.

1860-களில் ஸ்லேட் கல் ஏற்றப் போட்ட குட்டிப் பாதை. குவாரி மூடி, 1950-ல் உரிமையாளரும் இறந்ததும், இரும்புக்கடைக்குப் போகவேண்டியதுதான்கிற நிலைமை. எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் ஆட்களைத் திரட்ட, 1951 மே 14-ல் மறுபடி விசில்! தன்னார்வலர்கள் மீட்டு ஓட்டிய உலகின் முதல் ரயில் இதுதான். அன்னிக்கு ஓடுற நிலையில் இருந்தது ‘டோல்கோக்’ என்ற ஒரே ஒரு இன்ஜின். அது படுத்திருந்தா எல்லாம் காலி.

இன்னிக்கும் கரி அள்ளுறது, டிக்கெட் கிழிக்கிறது, தண்டவாளம் பார்க்கிறதுன்னு பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். ஆள் வராட்டி ரயிலும் வராது பாஸ்!

சுமார் 12 கி.மீ பயணம். நடுவுல டோல்கோக் ஸ்டேஷனில் இறங்கி அருவியைப் பார்த்துட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். பாலங்கள் ரொம்ப ஒடுக்கம். அதனால பெட்டிகளுக்கு ஒரு பக்கம்தான் கதவு. குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது, டைம்டேபிள் பார்த்துட்டுப் போங்க. வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், கரித்தூள் பறக்கும்!