முன் எயார் பைக் கசிவு

முன் எயார் பைக் கசிவு என்பது எயார் சஸ்பென்ஷன் உள்ள பஸ், சொகுசு கோச், மோட்டார் ஹோம் ஆகியவற்றின் முன் அச்சில் ஏற்படும் பழுது. ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் வண்டியைத் தாங்கும் இறப்பர்ப் பைகளிலிருந்தோ, அவற்றோடு சேர்ந்த குழாய், வால்வுகளிலிருந்தோ காற்று வெளியேறுவதால் இது உண்டாகிறது. நிறுத்திவைத்த வண்டியின் முகப்பு சில மணி நேரத்தில் தாழ்ந்துபோவதுதான் முதல் அடையாளம். விபத்தில் விரியும் பாதுகாப்புப் பைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இலங்கையில் மோட்டார் ஹோம் அபூர்வம். கொழும்பில் இந்தப் பழுதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் புறப்படும் சொகுசு பஸ்களின் சாரதிகளும் உரிமையாளர்களும்தான். 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட, யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது; அதன்பிறகு இந்த இரவுச் சேவைகள் பெருகின. சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர். தகட்டு ஸ்பிரிங் பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போனவர்களுக்கு எயார் சஸ்பென்ஷன் பஸ்ஸுக்கு ஏன் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்று விளக்கத் தேவையில்லை.

வாகனங்களுக்கான காற்று ஸ்பிரிங்குக்கு அமெரிக்காவில் 1901இலேயே வில்லியம் ஹம்ஃப்ரீஸ் காப்புரிமை பெற்றார். ஆனால் பயணிகள் அதன் சுகத்தை அறிந்தது 1950களில்தான். 1954இல் வந்த கிரேஹவுண்ட் நிறுவனத்தின் சீனிக்குரூஸர் பஸ் எயார் சஸ்பென்ஷனில் ஓடியது.

அமைப்பு

பை என்பது நைலோன் நூல் அடுக்குகள் பொதிந்த இறப்பர் உறை. மேலே ஓர் இரும்புத் தகடு. கீழே பிஸ்டன் எனப்படும் குடுவை. வண்டி ஏறி இறங்கும்போது உறை பிஸ்டனின் மேல் மடிந்து மடிந்து உருளும். உள்ளே கட்டை இறப்பர் ஒன்று உண்டு. காற்று முழுக்கப் போய்விட்டால் வண்டி அதன்மேல் உட்காரும். ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்குத் தெரியும்.

எஞ்ஜினின் கொம்பிரஸர் 8 முதல் 10 பார் அழுத்தத்தில் தாங்கிகளை நிரப்புகிறது. அங்கிருந்து, வண்டியின் உயரத்தைச் சீராக வைக்கும் உயர வால்வு தேவைக்கேற்பப் பைக்குக் காற்று விடும், எடுக்கும். பெரும்பாலான வண்டிகளில் பின் அச்சுக்கு இரண்டு உயர வால்வுகள், முன் அச்சுக்கு ஒன்றே ஒன்று. பழுதைத் தேடுகிறவர் முதலில் நினைவில் வைக்கவேண்டியது இதுதான். முன் பைகள் இரண்டும் ஒரே வால்வில் தொடுத்திருப்பதால் இடப் பை கசிந்தாலும் வலப்பக்கமும் சேர்ந்து இறங்கும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பழுதான பையைச் சொல்வது பின் அச்சுக்குச் சரி. முன் அச்சில் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

காரணங்கள்

பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையில் சிக்கும் மணல் அரம்போல் தேய்க்கும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் சில நூறு மீற்றர்தான். உப்புக் காற்றில் பிஸ்டன் துருப்பிடித்துச் சொரசொரப்பானாலும் அதே கதிதான். பையிலுள்ள இயற்கை இறப்பர் மடிந்து விரிவதில் கெட்டி, ஆனால் ஓசோனுக்கும் எண்ணெய்க்கும் பலவீனம். கழுவும்போது தெறிக்கும் டீசலும் கிரீஸும் அதை ஊதவைக்கும். நீண்டகாலம் காற்றில்லாமல் நிற்கும் வண்டியில் மடிப்பு நசுங்கி அதே இடத்தில் வெடிக்கும்; மேலைநாட்டு மோட்டார் ஹோம்களுக்கு இந்த வகைக் கசிவு வருவதுண்டு.

அதிகம் கவனிக்கப்படாத காரணம் ஷொக் அப்சோபர். எயார் சஸ்பென்ஷனில் அச்சு கீழே தொங்காமல் இழுத்துப் பிடிப்பதும் அதன் வேலை. அது அறுந்தாலோ அதன் புஷ் போனாலோ, குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் பை அளவுக்கு மீறி இழுபட்டுத் தகட்டோரம் கிழியும். பையை மட்டும் மாற்றி ஷொக்கைப் பார்க்காமல் விட்டால் புதுப் பையும் அதே வழியே போகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் டொலர் இல்லாமல் உதிரிப்பாகங்களுக்கு அலைந்ததும் பழைய வண்டிகளைக் கூடுதல் ஆண்டுகள் ஓடவைத்தன. பைகளும் அவற்றோடு சேர்ந்து கிழடாகின.

கண்டுபிடித்தல்

கசிவு என்றதும் பையைக் குற்றம் சொல்வது வழக்கம். பல நேரம் குற்றவாளி குழாய் பொருந்தும் முனை, அல்லது உயர வால்வு. சவர்க்காரத் தண்ணீரும் ஒரு பெயின்ட் பிரஷும் போதும். காற்று முழுக்க ஏற்றி, ஸ்டியரிங்கை ஒருபக்கம் கடைசிவரை திருப்பினால் சக்கரத்துக்குப் பின்னால் பை தெரியும். மேல் தகட்டின் விளிம்பு, கீழ் மடிப்பு, குழாய் முனை என்று நுரையைப் பூசிக்கொண்டே வரவேண்டும். பெரிய ஓட்டை சீறிக் காட்டிக்கொடுத்துவிடும். சிறிய கசிவில் வெள்ளை நுரை ஓரிடத்தில் மெல்லப் பூத்து நிற்கும், அதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். உயர வால்வின் வெளியேற்றுத் துவாரத்தில் இடைவிடாமல் குமிழி வந்தால் பையைத் தொடத் தேவையில்லை. நைலோன் குழாயைக் கோணலாக வெட்டிச் செருகியிருந்தால் முனையில் கசியும். நேராக வெட்டிச் செருகினால் முடிந்தது வேலை. உறையின் மேலுள்ள மயிரிழை வெடிப்பு உடனே ஆபத்தில்லை. உள்ளே நூல் தெரிந்தால் பை முடிந்தது.

ஆபத்து

கசியும் காற்று பிரேக்கின் காற்றும்தான். பாதுகாப்பு வால்வு பிரேக்குக்கு உரியதைத் தனியே பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் கொம்பிரஸர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடாகி, ஈரத்தையும் எண்ணெயையும் குழாய்களுக்குள் தள்ளும். அது வால்வுகளைப் பழுதாக்கும். முன்பக்கம் இறங்கிய வண்டியில் ஸ்டியரிங்கின் பிடியும் மாறும்.

பையை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவது. காற்று ஒரு நொடியில் போகும், வண்டி தரைக்கு வரும். சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்து, காற்றைத் திறந்துவிட்ட பிறகே கை வைக்கவேண்டும். ஜக் மட்டும் போதாது.

மாற்றுதல்

டயருக்கு ஒட்டுப்போடுவதுபோல் பைக்குப் போடமுடியாது. நாள் முழுதும் மடிந்து விரியும் இடத்தில் ஒட்டு நிற்காது. கொழும்பின் பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் தேடிப் போகிறவர் பழைய பையையே கையோடு கொண்டுபோவது நல்லது. தகட்டில் பொறித்த இலக்கம், போல்ட்டுகளின் இடைவெளி, பிஸ்டனின் உயரம் மூன்றும் பொருந்தவேண்டும். பார்வைக்கு ஒன்றாயிருக்கும் பை உயரத்தில் வேறுபடும். கழற்றிய பழைய பை மலிவாகக் கிடைக்கும். அதன் வயது யாருக்கும் தெரியாது. முன் அச்சுக்கு அதை வாங்கக்கூடாது.

இரண்டு முன் பைகளையும் ஒன்றாக மாற்றவேண்டும். பூட்டாத பைக்குக் காற்று அடித்துப் பார்க்கக்கூடாது, பிளந்து பாயும். பூட்டியபின் மடிப்பு நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றி, உயர வால்வின் கோலைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சரிசெய்யவேண்டும். புதுப் பை பூட்டிய வண்டியை அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கு விடவேண்டாம். ஒரு ராத்திரி நிறுத்தி, காலையில் முன்பக்கத்தின் உயரத்தை மறுபடி அளந்து பார்த்துவிட்டு ஆட்களை ஏற்றுங்கள்.