குவாங்சோவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். 1994-ல் எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப் போன்ற சாமான்கள் சப்ளை செய்கிறார். மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஆறு மாதம் தங்கி சீன மொழி, வணிகம், பண்பாடு மூன்றும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள்.

என் வீட்டுக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "அத்தனை தூரம் போய் அந்தப் பாஷையைத்தான் படிக்கணுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இத்தனை வருஷமா அப்பா தரகர் சொல்றதை நம்பித்தான் சரக்கு எடுக்கிறார் பாட்டி. நான் நேரா பேசிப் பார்க்கணும்."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. இதே வார்த்தையை இதே ஊரில் வெள்ளைக்கார வியாபாரிகள் 260 வருடங்களுக்கு முன்பே சொன்னார்கள். அதற்காக ஒரு மனிதரின் தலையும் போனது. அந்தப் பிள்ளையிடம் அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். முழுக்கதையும் இங்கே எழுதுகிறேன்.

குவாங்சோவைத்தான் ஐரோப்பியர் காண்டன் என்று அழைத்தார்கள். 1757 முதல் மேலைநாட்டுக் கப்பல்கள் சீனாவில் வியாபாரம் செய்ய அந்த ஒரு துறைமுகத்துக்குத்தான் அனுமதி. அங்கேயும் ஊருக்குள் போக முடியாது. கோட்டைச் சுவருக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த கட்டடங்களில் வியாபாரப் பருவத்தில் மட்டும் தங்கலாம். பருவம் முடிந்தால் மக்காவுக்குப் போய்விட வேண்டும். பெண்களை அழைத்து வரக் கூடாது. தேயிலை, பட்டு எதுவானாலும் அரசு அனுமதித்த சில வணிகர் வழியாகத்தான் வாங்க வேண்டும். பேச்சு எல்லாம் துபாஷிகள் வழியாக.

அந்தத் துபாஷிகள் பேசியது அரைகுறை ஆங்கிலம். சீன இலக்கணத்தில் ஆங்கில வார்த்தைகளைக் கோத்து, நடுவே போர்த்துகீசியத்தையும் தூவிய பேச்சு. அதற்கு 'பிட்ஜின்' என்று பெயர். 'பிசினஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சீனர்கள் உச்சரித்த விதத்தில் பிறந்த பெயர் அது என்பார்கள். விலை பேச அது போதும். நியாயம் கேட்கப் போதாது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் ஜேம்ஸ் ஃபிளின்ட் என்று ஒருவர் இருந்தார். 1730-களில் சிறு பையனாகக் காண்டனுக்குக் கொண்டுவந்து விடப்பட்டவர். அங்கேயே வளர்ந்து சீனம் கற்றார். அந்தக் காலத்தில் சீனம் பேசத் தெரிந்த ஆங்கிலேயரை விரல் விட்டு எண்ணிவிடலாம். தேயிலையும் பட்டும் விளையும் பகுதிக்குப் பக்கத்தில் இருந்த நிங்போ துறைமுகத்தில் வியாபாரம் செய்ய வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. காண்டன் சுங்க அதிகாரிகள் பிடுங்கிய பணம் தாங்க முடியவில்லை என்பது அவர்கள் புகார். 1759-ல் ஃபிளின்ட் ஒரு சிறு கப்பலில் வடக்கே தியான்ஜின் வரைக்கும் போய், சியான்லோங் பேரரசருக்குச் சீன மொழியிலேயே எழுதிய மனுவைக் கொடுத்துவிட்டார். துபாஷி இல்லை, தரகர் இல்லை. நேராக ராஜாவிடம்.

பேரரசர் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். புகாரில் உண்மை இருந்தது. சுங்க அதிகாரியின் பதவி போனது. ஆனால் விதியை மீறி வடக்கே கப்பல் ஓட்டியதற்காக ஃபிளின்டுக்கு மூன்று வருடக் காவல், பிறகு நாடு கடத்தல். அவருக்குச் சீனம் சொல்லிக்கொடுத்தவர், மனு எழுத உதவியவர் என்று லியூ யாபியான் என்ற சீனரைப் பிடித்தார்கள். அவர் தலையை வெட்டினார்கள்.

கவனித்தீர்களா பிள்ளைகளே? மனு கொடுத்தவருக்குச் சிறை. எழுத்து சொல்லிக்கொடுத்தவருக்குத் தலை. அதன் பிறகு வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகிவிட்டது. 36 வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். எனக்கு வந்த பெரிய ஆபத்து சாக்பீஸ் தூசியால் வந்த இருமல்தான். அந்த மனிதரைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த கதைக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1781 முதல் 1785 வரை மதராஸ் கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபுவைத்தான் 1792-ல் பிரிட்டன் தன் தூதராகச் சீனாவுக்கு அனுப்பியது. மொழிபெயர்க்க பிரிட்டன் முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. தூதரின் செயலாளர் ஸ்டான்டன் இத்தாலியின் நேப்பிள்ஸ் வரைக்கும் போய், அங்கே பாதிரியார் படிப்பு முடித்த இரண்டு சீனர்களை அழைத்து வந்தார். அவர்கள் சீனத்திலிருந்து லத்தீனுக்குச் சொல்ல, லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டான்டனின் மகனும் கப்பலில் இருந்தான். புறப்படும்போது வயது 11. அந்த இருவரிடமும் கப்பலிலேயே சீனம் கற்றான். 1793 செப்டம்பரில் பேரரசரின் முன்னால் அந்தப் பையன் சீனத்தில் பேசினான். எண்பதைத் தாண்டிய கிழவருக்கு அத்தனை சந்தோஷம். தன் இடுப்பில் தொங்கிய மஞ்சள் பட்டுச் சுருக்குப்பையை அவிழ்த்துப் பையன் கையில் கொடுத்தார். பிற்காலத்தில் அந்தப் பையன் காண்டனில் கம்பெனி அதிகாரியானார். சீனச் சட்டத்தொகுப்பை மொழிபெயர்த்து 1810-ல் வெளியிட்டார். பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

அவனுடைய வாத்தியார்களில் ஒருவரான லீ என்ன ஆனார்? சீனர் என்று தெரிந்தால் ஆபத்து என்று ஐரோப்பிய உடை போட்டுக்கொண்டுதான் தூதுக்குழுவோடு போனார். லீ என்ற சொல்லுக்குப் பிளம் பழம் என்று பொருள், அதனால் ஆங்கிலேயர் அவரை 'மிஸ்டர் பிளம்' என்றார்கள். வேலை முடிந்ததும் அவர் சீனாவிலேயே தங்கிவிட்டார். கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடித்த காலம். ஷான்சி மாகாணத்துக் கிராமங்களில் மறைந்து வாழ்ந்து 1828-ல் காலமானார்.

1807-ல் ராபர்ட் மாரிசன் என்ற பாதிரியார் காண்டனுக்கு வந்தார். அவருக்கு ரகசியமாகச் சீனம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களில் ஒருவர் எப்போதும் விஷத்தைக் கையோடு வைத்திருந்தாராம். பிடிபட்டால் சித்திரவதைக்கு முன்பே உயிரை விட்டுவிடலாம் என்று. அந்த மாரிசன் 1815-லிருந்து 1823-க்குள் ஆறு பாகங்களாகச் சீன–ஆங்கில அகராதியை வெளியிட்டார். அகராதியின் அட்டையில் மாரிசன் பெயர் இருக்கிறது. விஷத்தோடு வந்து பாடம் சொன்னவர் பெயர் இல்லை.

இந்தத் தடை எப்போது விலகியது? அபினி யுத்தத்தில் சீனா தோற்ற பிறகு, 1844-ல் அமெரிக்காவோடு போட்ட வாங்சியா உடன்படிக்கையில். 'அமெரிக்கர்கள் சீன மொழி ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம், சீனப் புத்தகங்களை வாங்கலாம்' என்று அதில் தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. வாத்தியார் வைத்துக்கொள்வதற்கு இரண்டு தேசங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

என் மனதை உறுத்தும் விஷயம் இதற்குச் சற்று முன்னால் நடந்தது. 1840 ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றத்தில் சீனாவோடு யுத்தம் தேவையா என்ற விவாதம். ஒன்பதே வாக்கு வித்தியாசத்தில் அரசு தப்பியது. அந்த விவாதத்தில் யுத்தம் நியாயமே என்று பேசியவர்களில் ஒருவர், 12 வயதில் சுருக்குப்பை வாங்கிய அதே ஸ்டான்டன். சீன மொழி அவருக்குத் தெரியும், சீனச் சட்டம் தெரியும், காண்டன் வியாபாரமும் அத்துப்படி. அத்தனையும் தெரிந்தும் கப்பற்படையின் பக்கம்தான் நின்றார். ஒரு மொழியைக் கற்றுவிட்டால் அந்த மக்கள் மீது அன்பு தானாக வந்துவிடும் என்று வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது தானாக வராது என்று இவர் வாழ்க்கை சொல்கிறது. அதைத் தனியாக வளர்க்க வேண்டும்.

அதனால்தான் கண்ணு, உனக்கு ஒரு வேலை கொடுக்கிறேன்.

உன் படிப்பில் மொழி, வணிகம், பண்பாடு என்று மூன்று இருக்கிறது. வேலைக்காகப் போகிறவர்கள் முதல் இரண்டை முட்டி மோதிப் படிப்பார்கள், மூன்றாவதைச் சுற்றுலா மாதிரி முடித்துவிடுவார்கள். நீ அப்படிச் செய்யாதே. மொழி கஷ்டம்தான். ஒரே 'மா' தொனி மாறினால் அம்மா, சணல், குதிரை, திட்டு என்று நான்கு அர்த்தம் தரும். முதல் மாதம் அழுகை வரும். ல, ள, ழ மூன்றையும் ஆறாம் வகுப்பில் சரியாகச் சொல்ல உன் அப்பன் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவனே தேறினான், நீ தேறமாட்டாயா?

போன முதல் நாள் உன் நோட்டின் முதல் பக்கத்தில் உன் ஆசிரியரின் பெயரைச் சீன எழுத்திலேயே எழுது. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவரிடமே கேள். அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. வியாபாரம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

லியூ யாபியானின் ஊரில் இன்று நீ பட்டப்பகலில், கதவு திறந்த வகுப்பறையில் உட்கார்ந்து சீனம் படிக்கப் போகிறாய். உன் வாத்தியார் வேலை முடிந்து நிம்மதியாக வீட்டுக்குப் போவார். இதைவிட எனக்கு என்ன சந்தோஷம் வேண்டும்?

நல்லபடியாகப் போய் வா. குளிர் உடுப்பு எடுத்துக்கொள். பாட்டி முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், புறப்படும் முன் வந்து வாங்கிக்கொண்டு போ.

என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் பழைய வாத்தியார்