போடி மலைச்சரிவும் பிள்ளைகளின் முற்றமும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் சிறு குழந்தைகளின் விளையாட்டு வெளி உருவான வரலாறு, தாய்மார்களின் ஏலத்தோட்ட வேலையோடு பிணைந்தது. அடிவாரத்து ஊர்களின் பெண்கள் காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளப் பகுதித் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். அந்தப் பகற்பொழுதில் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்ற கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன.

முதல் விடை வீட்டு முற்றம். திண்ணையில் பாட்டி, மரத்தடியில் மணல், மணலில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். பெரியவர் கண்பார்வை, நிழல், அள்ளிக் குவிக்க மண் ஆகிய மூன்றும் அங்கே திட்டமிடாமலே கூடிவந்தன.

இவற்றைத் திட்டமிட்டுப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கல்வியாளர் ஃப்ரோபெல். 1837இல் அவர் தொடங்கிய நிலையம் 1840இல் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகள் தோட்டம் என்று பெயர் பெற்றது. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி உண்டு. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1942 முதல் சில ஆண்டுகள் போடிக்கு வடகிழக்கே கொடைக்கானலில் தங்கினார். அந்த மலையின் செடிகொடிகளும் பூச்சிகளும் அவருடைய பள்ளிக்குப் பாடப்பொருளாயின. மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டியில் 1945இல் பணி தொடங்கிய கல்வியாளர் தாராபாய் மோடக், ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாதபோது பள்ளியையே அவர்கள் முற்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லின் வேர் இதுவே.

மலைத்தோட்டங்களில் பிள்ளைகளுக்கு இடம் தரும் கடமையைச் சட்டம் முதலாளிகள்மேல் வைத்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகியவற்றை மட்டுமே பெயர் சொன்ன அச்சட்டத்தில் 1981ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ஏலத்தையும் சேர்த்தது. அப்போதும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்கள் பொதுவாக வெளியே நின்றன. தினமும் மலையேறி இறங்கும் தாயின் பிள்ளையோ அடிவாரத்திலேயே இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு அரசின் மையமே துணையானது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கும் ஊர்தோறும் மதிய உணவு தந்தது. பால்வாடி என்று மக்கள் அழைத்த இம்மையங்களில் சோறும் எடை பார்த்தலும் முன்னே நின்றன. விளையாட்டு வெளி பின்னுக்குப் போனது.

அந்த வெளியை அமைப்பதில் நிலமே முதல் ஆசான். மழை மறைவில் உள்ள போடியில் வெயில்தான் பெரும் தடை. வேம்பும் புங்கையும் நிழல் தர, அதன் கீழே மணல்குழி அமைவது நல்லது. இரவில் நாய் பூனை அண்டாமல் குழியை மூடிவைக்க வேண்டும். மலைமேல் நிலை வேறு. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களிலேயே ஏலக்காய் பறிப்பும் தொடங்குவதால், தாய்க்கு வேலை மிகும்போது பிள்ளைக்கு வெளியே இடமில்லாமல் போகிறது. அகலமான கூரைத் தாழ்வாரம், சரிவை வெட்டிச் சமன்செய்த தளம், பள்ளத்தை ஒட்டி வேலி, நீர் ஓடிவிடும் வாய்க்கால், அட்டை ஏறாதபடி புல் செதுக்கிய விளிம்பு ஆகியவை அங்கே இன்றியமையாதவை.