பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வுக்கூடம்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட மலையடிவாரக் கிராமமாகிய பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து நிலத்தடியில் நிறுவுவதற்கென இந்திய பௌதிக விஞ்ஞானிகள் வகுத்த ஆராய்ச்சி நிலையத் திட்டம். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்ற இத்திட்டம், வழக்குகளாலும் மக்களின் எதிர்ப்பாலும், இறுதியில் தமிழ்நாடு அரசின் மறுப்பாலும் தடைப்பட்டு நின்றுவிட்டது.

போடிநாயக்கனூரின் மேற்கெல்லையாக நிற்பது ஏலமலைத் தொடர். தமிழ்நாட்டையும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தையும் பிரிக்கும் இம்மலைச்சுவரைப் போடிமெட்டுக் கணவாய் வழியே கடக்கும் பாதையில், நாள்தோறும் அதிகாலையில் ஜீப்புகளில் ஏறிச் செல்லும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், காட்டு மரங்களின் நிழலிலே வளரும் ஏலச்செடிகளுக்குக் களையெடுத்துக் காய் பறித்து மாலையில் கீழே திரும்புகிறார்கள். அக்காய் போடியில் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலம் விடப்பட்டு, நாட்டின் பல பாகங்களுக்கும் செல்கிறது. மரநிழலும் மலைமழையும் குன்றினால் இந்த வாணிபமும் குன்றும். மலைமுகட்டுக்கு அப்பால் கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. அடிவாரத்திலோ மானாவாரி நிலங்களும், மலைமாடு என்னும் நாட்டினக் கால்நடைகளின் மேய்ச்சல் வெளிகளும் உள்ளன. குடைவதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட குன்றை ஊரார் அம்பரப்பர் மலை என வழங்குவர். அதன் உட்பாறை, பல்லாவரம் குன்றுகளிலும் காணப்படும் சார்னோக்கைட் என்னும் கடினமான வகையைச் சேர்ந்தது. பெரிய குகையை அகழ்ந்தாலும் இடியாது நிற்கத்தக்க உறுதி அதற்கு உண்டு என்பதே விஞ்ஞானிகளை அங்கு ஈர்த்த முதற்காரணம்.

நியூட்ரினோ என்பது மின்னேற்றமற்றதும், பிற பொருள்களோடு மிக அரிதாகவே வினைபுரிவதுமான நுண்துகள். சூரியனின் கருவில் நிகழும் அணுச்சேர்க்கையிலிருந்து புறப்படும் இத்துகள்கள், பூமியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்னும் கணக்கில் ஊடுருவிச் செல்கின்றன. நம்முடைய தேகத்தையும் பூகோளம் முழுவதையும் துளைத்துச் சென்றும் யாதொரு தடயமும் வைப்பதில்லை. ஆயினும் பிரபஞ்சத்தின் தொலைதூரச் சம்பவங்களை அறிவிக்கும் தூதர்கள் இவையே. 1987-ல் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, அதன் ஒளி தொலைநோக்கிகளில் தென்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே அதன் நியூட்ரினோக்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் நிலத்தடிக் கருவிகளில் பதிவாயின. விண்கலம் ஏறிச் செல்லாமல் பூமியின் வயிற்றுக்குள் இறங்கி விண்ணை ஆராயும் விந்தையான மார்க்கம் இது.

நிலத்துக்கடியில் இறங்க வேண்டியதன் காரணம் எளிது. வானிலிருந்து ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி மியுவான் என்னும் துகள்களை உண்டாக்குகின்றன. நிலத்தின் மேற்பரப்பில் ஒரு கருவியை வைத்தால் இந்த மியுவான்களின் ஆரவாரத்தில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் கேளாது. எல்லாப் பக்கங்களிலும் சுமார் ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்திருந்தால், அவ்வாரவாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்காக அடங்கிவிடும்.

இத்துறையில் இந்தியா புதிதாகப் புகுந்த நாடன்று. கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாருடனும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடனும் கூடி நடத்திய பரிசோதனையில், 1965-ஆம் ஆண்டில் வளிமண்டல நியூட்ரினோவின் அடையாளம் முதன்முதலாகக் காணப்பட்டது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் அமெரிக்கக் குழுவினரும் அதனைக் கண்டனர். எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோரின் உழைப்பால் கிட்டிய அப்பெருமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. சுரங்கம் நலிவுற்று 2001-ல் மூடப்பட்டது. இழந்த அந்த இடத்துக்கு ஈடாக ஒன்றைக் காணவேண்டும் என்னும் தாபமே, சென்னைக் கணித அறிவியல் நிலையம் உள்ளிட்ட பல ஸ்தாபனங்களை 2002-ல் ஒன்றுகூட்டிற்று.

முதலில் கருதப்பட்ட இடம் நீலகிரியில் மசினகுடியை அடுத்த சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அயலாகவும் யானைகளின் வழியாகவும் அவ்விடம் இருந்தமையால், 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அதன்பின் தெரிவானதே பொட்டிப்புரம். இங்கே மேற்பரப்பில் 26.825 ஹெக்டேர் புறம்போக்கு நிலத்தை மாநில அரசு ஒதுக்கியது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையின் முடிவில், 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட குகை அமையவிருந்தது.

குகைக்குள் வைக்கப்படவிருந்த கருவி காந்தமேற்றிய இரும்புக் கலோரிமானி. 5.6 சென்டிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடுகளை 150-க்கு மேற்பட்ட அடுக்குகளாக அமைத்து, இடையிடையே கண்ணாடித் தகடுகளாலான உணர்கருவிகளைச் செருகி, ஏறத்தாழ 50,000 டன் எடையில் எழுப்பப்படவிருந்த இந்தக் காந்தம், உலகிலேயே மிகப் பெரியதாக விளங்கியிருக்கும். மூவகைப்பட்ட நியூட்ரினோக்கள் செல்லும் வழியிலே வகை மாறுகின்றன என்பதும், ஆகவே அவற்றுக்குச் சொற்பமேனும் நிறை உண்டு என்பதும் நிறுவப்பட்டு, அதற்காகக் கஜிதா, மெக்டொனால்ட் ஆகிய இருவர் 2015-ல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் அந்நிறைகளில் எது பெரிது, எது சிறிது என்னும் வரிசை முழுமையாகத் தெளிவுபடவில்லை. பூமியைக் குறுக்காகக் கடந்து வரும்போது நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் வெவ்வேறு விதமாக மாறும் இயல்புடையவை. அவை தோற்றுவிக்கும் மியுவான்கள் காந்தப் புலத்தில் எதிரெதிர்த் திசைகளில் வளைவதால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து, அதன்வழியே நிறைகளின் வரிசையையும் அறியலாம். ஜப்பானின் மாபெரும் நீர்த்தொட்டிக் கருவிக்கும் வாய்க்காத இத்திறன் பொட்டிப்புரக் கருவிக்கு வாய்த்திருக்கும் என்பதே அத்திட்டத்தின் தனிச்சிறப்பு.

எதிர்ப்பு பல முகங்கள் கொண்டது. 2015 மார்ச்சில், ம.தி.மு.க. தலைவர் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாதென உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் முயற்சியால் விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. மதிகெட்டான் சோலை 5 கிலோமீட்டருக்குள் இருக்கக் கண்ட தீர்ப்பாயம், 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மத்திய அமைச்சகம் 2018 மார்ச்சில் இதனை விசேஷ நேர்வாகக் கருதி, கட்டடப் பணிகளுக்குரிய பிரிவின்கீழ் மீண்டும் அனுமதி வழங்கியது. ஒரு மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் துளைப்பதைக் கட்டடப் பணி என வகைப்படுத்தியது சட்டத்துக்கு ஒவ்வுமாயினும் நியாயத்துக்கு ஒவ்வாது. அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அவ்வனுமதியை ஏற்றுக்கொண்டபோதிலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் அவசியம் என்றது.

ஜனங்களிடையே பரவிய அச்சங்களை இருவகையாகப் பிரித்தே எடைபோட வேண்டும். நியூட்ரினோவால் கதிரியக்கம் உண்டாகும், அணுக்கழிவு மலைக்குள் புதைக்கப்படும் என்பன ஆதாரமற்றவை. நாம் பிறந்த நாள்தொட்டு நம்மைத் துளைத்துச் செல்லும் துகள், ஆய்வுக்கூடம் வந்ததனால் மட்டும் தீங்காகிவிடாது. ஆனால் வெடி வைத்துப் பாறை தகர்ப்பதும், தகர்த்த கல்லைக் குவிப்பதும், லாரிகளின் போக்குவரத்தும், ஊற்றுகளின் நிலையும், முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகளைப் பற்றிய கவலையும், புலி நடமாட்டமும் விடை கேட்கத் தகுந்த வினாக்கள். முதல்வகை அச்சத்தை மறுத்த வேகத்தில் இரண்டாம் வகையையும் அறியாமையென ஒதுக்கியது திட்டத்தாரின் பெரும் பிழை. முதல்வகையைப் பரப்பியதால் இரண்டாம் வகைக்கு இருந்த கண்ணியத்தைக் குறைத்தது எதிர்ப்பாளரில் சிலரின் பிழை.

அரசியல் அபிப்பிராயத்தின் போக்கும் கவனிக்கத்தக்கது. மன்மோகன் சிங் அரசு முன்னெடுத்த திட்டத்துக்கு நரேந்திர மோதி அரசு ஒப்புதல் அளித்தது. தேசப் பெருமையை முன்னிட்டு மரபுவாதிகள் புதிய தொழில்நுட்பத்தை ஆதரிக்க, முற்போக்காளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரே முன்னோர் விட்டுச் சென்றதை மாற்றாது காக்கவேண்டும் என்னும் மரபுவாதத்தின் மூலமந்திரத்தைப் பேசினர். கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவர் அச்சுதானந்தனும் அந்த எதிர்ப்பணியில் நின்றார். தமிழ்நாட்டு மரபுவாதத்துக்கு வேறொரு பாரம்பரியமும் உண்டு. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த ராஜாஜி, 1962-ல் அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். ஆய்வுக்கூடம் அணுகுண்டன்று, அவர் இதனை எதிர்த்திருப்பார் எனக் கூறவும் இயலாது. எனினும், புதுமையை அதன் விளைவறிந்தே ஏற்கவேண்டும் என்னும் அவருடைய நிதானம், ஆதரித்தோரிடம் இருந்திருக்குமாயின், பொட்டிப்புரத்து மக்களிடம் முதலில் விளக்கிவிட்டுப் பின்னர் வேலி நட்டிருப்பர்.

2021 ஜூனில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் கோரினார். மதிகெட்டான், பெரியாறு ஆகிய காடுகளை இணைக்கும் புலிகள் வழித்தடத்தில் அவ்விடம் அமைந்திருப்பதால் அனுமதிக்க இயலாதென 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு தெரிவித்தது. திட்டத்துக்கென மதுரையை அடுத்த வடபழஞ்சியில் அமைக்கப்பட்ட மையத்தில், 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிக் கருவியொன்று 2018-ல் மியுவான்களைப் பதிவு செய்யத் தொடங்கிற்று. நியூட்ரினோ நிறைகளின் வரிசையை அறிவதற்கென்றே சீனா குவாங்டோங் மாகாணத்தில் நிலத்தடியில் நிறுவிய, 20,000 டன் திரவம் நிறைந்த ஜூனோ ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் தன் பணியைத் தொடங்கிவிட்டது.